சின்னவள் வந்துபோன நாட்கள்

இரண்டாவது தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் கழித்துப் பயணம் போகலாம் என்றார்கள். சின்னவள் அதற்கும் மேலே ஒரு வாரம் பொறுத்தாள். அவள் சுபாவம் அப்படி. துணிக்கடையின் பின்கட்டில் அளவு திருத்தித் தைப்பது அவள் வேலை. ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கச் சொன்னால், திரும்பத் திரும்ப அளந்து பார்த்துவிட்டுத்தான் கத்தரியைக் கையில் எடுப்பாள். அக்காவுக்குப் பின்னால் பிறந்ததால் வீட்டில் சின்னவள். அந்தப் பெயர் கடை வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

அக்கா வேறு ஊரில் இருந்தாள். காலையில் ரயில் ஏறினால் மத்தியானம் போய்ச் சேரலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்களையெல்லாம் சிரித்தே அனுப்பிவிட்டு, ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில் தனியாகக் காலம் தள்ளினாள். வயதாக ஆக அவள் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. சுவரோரம், கதவு, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் புகை படிந்தது போலத் தெரியும். யார் எதிரில் நின்றாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டுதான். அப்பா அம்மா போன பிறகு சின்னவளுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த அக்கா ஒருத்திதான்.

நோய் பரவ ஆரம்பித்ததிலிருந்து சின்னவள் அங்கே போகவில்லை. முதலில் ரயிலே ஓடவில்லை. ரயில் ஓடியபோது வீட்டுக்காரருக்கு இழுப்பு. அது சரியானபோது கடையைத் திறந்துவிட்டார்கள். ஞாயிறு தவறாமல் போனில் பேசினாள். ‘நான் நல்லாத்தான் இருக்கேன், நீ பத்திரமா இரு’ என்று அக்கா சொல்வாள். போனை வைத்ததும் சின்னவளுக்கு மனசு லேசாகும். லேசாகிறதே என்று பிறகு வெட்கமாகவும் இருக்கும்.

கிளம்புகிற அன்று வீட்டுக்காரர் வாசல் வரை வந்து பாடம் நடத்தினார்.

“மாஸ்க் ரெண்டு போட்டுக்கோ. ஜன்னலை யாரும் மூட விடாதே. யார் எதைக் குடுத்தாலும் வாங்காதே.”

“நான் என்ன கைக்குழந்தையா?”

“ஊசி போட்டாச்சுன்னு தைரியமா இருக்காதே. உனக்கு ஒண்ணும் ஆகாம போகலாம். நீ கொண்டுபோய் அக்காவுக்குக் குடுத்துடக் கூடாது. அதான் விஷயம்.”

ரயில் பெட்டியில் ஒன்றுவிட்டு ஒரு இருக்கையில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தது. ஏறிய சிலரும் ஆளுக்கொரு மூலையில் ஒண்டிக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. எல்லோருக்கும் கண்ணும் நெற்றியும் மட்டும்தான் இருந்தன. மாஸ்க்கை இறக்க மனம் வராமல், சின்னவள் வழியெல்லாம் தாகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் படி இறங்கி வந்து தெருவில் நிற்பாள், விழுந்து வைப்பாள். கதவு திறந்ததும் என்ன சொல்வது, அழுகை வந்தால் எப்படி அடக்குவது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்த அக்கா, “என்னடி, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?” என்றாள்.

சின்னவளுக்குப் புரியவில்லை. “அக்கா, நான்தான்.”

“நீதான்னு தெரியுதே. குடையைத் தேடி வந்தியா? குடை இங்க இல்ல. கையில எடுத்துட்டுத்தானே போனே?”

சின்னவள் சிரித்தாள். அக்காவுக்கு எப்போதும் கிண்டல் ஜாஸ்தி. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. சுவரைத் தடவி உள்ளே நடந்துகொண்டே, “நேத்து சாயங்காலம் போனவ இன்னிக்கு மறுபடி வண்டி ஏறி வந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்று அலுத்துக்கொண்டாள்.

தனியாக அடைபட்டுக் கிடந்த பெரியவர்களுக்கு நினைவு தடுமாறுகிறது என்று சின்னவள் எங்கோ படித்திருந்தாள். அதுதான் என்று நினைத்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். தாமதமாக வந்துவிட்டோம் என்ற நினைப்பே நெஞ்சில் நின்றது. முகத்தைக் கழுவிக் குழாயை மூடியபோதுதான் கவனித்தாள். அது ஒரு திருகில் நின்றது. போன தடவை வந்தபோது எவ்வளவு முறுக்கினாலும் சொட்டிக்கொண்டே இருந்த குழாய் அது. கம்பியில் துண்டு நீளவாட்டில் மூன்றாக மடித்துப் போட்டிருந்தது. தன் வீட்டில் சின்னவள் துண்டு போடுவது அப்படித்தான். அக்கா எந்தக் காலத்திலும் துண்டை மடித்தவள் இல்லை.

வெளியே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். தரையில் புரண்டு கிடந்த ஜன்னல் திரை இப்போது தரைக்கு மேலே நேராகத் தொங்கியது. விளிம்பைக் கையில் எடுத்தாள். கைத்தையல். தையல்கள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

சின்னவள் இடதுகைக்காரி. அவள் போடும் தையல் மற்றவர்கள் போடுவதற்கு எதிராகச் சாயும். கடையில் அதை வைத்தே, ‘இது நம்ம சின்னவ கை’ என்று சொல்லிவிடுவார்கள். நூல் முடியும் இடத்தில் முடிச்சுப் போட மாட்டாள். வந்த வழியிலேயே ஊசியைத் திருப்பி விட்டு இழுத்து வெட்டுவாள். இந்தத் திரையிலும் முடிச்சு இல்லை. நூல் வந்த வழியே திரும்பியிருந்தது.

“இதை யாருக்கா தைச்சது?”

“இது என்ன கேள்வி? நீதான். கால் தடுக்கி விழப் போறேன்னு திட்டிக்கிட்டே தைச்சியே.”

“நான் எப்போக்கா வந்தேன்?”

“எப்போ வரல? வாரத்துக்கு ஒருக்கா, சமயத்துல ரெண்டு தரம்.”

“அப்படின்னா ஞாயித்துக்கிழமை போன்ல ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “நீதானே சொல்லாதேன்னே? போன் பேசறப்ப வீட்டுக்காரர் பக்கத்துல இருப்பார், நான் வந்துட்டுப் போறது தெரிஞ்சா பயந்துடுவார்னு. இன்னிக்கு ஏன்டி இப்படிக் குறுக்கு விசாரணை பண்றே?”

“அக்கா, உனக்கு முகம் தெரியாதுல்ல? வேற யாராவது…”

அக்காவுக்குக் கோபம் வந்தது. “கண்ணுதான் போச்சு, காது போகல. காலம் பூரா காதை வெச்சுப் பிழைச்சவ நான். ஹலோன்னு ஒரு சொல் வந்தாப் போதும், எந்த ஆபீஸ், எந்த ஆளு, காலையில என்ன மனசோட வந்திருக்கான்னு எல்லாம் சொல்லுவேன். என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா?”

சின்னவள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே கணக்கு டீச்சர் ஒருத்தி இருந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பாடம் நடத்துகிறவள். சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண் திறந்தாள்.

“வாங்க. இன்னிக்குப் பெட்டியோட படியேறினீங்களே. தங்கப் போறீங்களா?”

“டீச்சர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு முன்னாடி நான் எப்போ வந்தேன்?”

டீச்சர் சிரித்தாள். “எனக்கே பரீட்சையா? நேத்துதான்.”

“முதல்முதலா?”

டீச்சரின் சிரிப்பு நின்றது. “அந்த மோசமான சமயத்துல. கீழ்வீட்டு ரெண்டு பேரையும் ஆம்புலன்ஸ்ல கொண்டு போனாங்களே, படிக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தாங்களே, அப்போ. உண்மையைச் சொன்னா எனக்கு உங்க மேல கோபம்கூட. ஊரே அடங்கிக் கிடக்குது, இவங்க மட்டும் அவங்க பாட்டுக்கு வந்து போறாங்களேன்னு. உங்ககிட்டயே கேட்டேன். ‘எனக்கு இனிமே ஒண்ணும் வராது டீச்சர்’னு சொன்னீங்க.”

“அப்போ தடுப்பூசியே வரலையே.”

“அதையேதான் நானும் பின்னால யோசிச்சேன்.”

“என் முகத்தைப் பார்த்தீங்களா?”

“இந்த ரெண்டு வருஷமா யார் முகத்தை யார் பார்த்தோம்? கண்ணு, நெத்தி, நடை, குரல். நீங்கதான்.” டீச்சர் கதவிடுக்கில் கண்ணை வைத்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன், நீங்க இல்லையா?”

“நான்தான் டீச்சர். சும்மா கேட்டேன்.”

அப்படி ஏன் சொன்னாள் என்று சின்னவளுக்கே தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால், சொன்ன பிறகு அந்தப் படிக்கட்டில் நிற்க முடியாது என்று தோன்றியது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் கேட்ட முதல் கேள்வி, “நகை இருக்கா பாரு.”

நகை இருந்தது. அக்காவின் மோதிரம், மெல்லிய சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. கடிகாரத்துக்குப் புதுப் பட்டை வேறு போட்டிருந்தது.

“ஒண்ணும் போகலையா? அப்போ எதுக்கு வந்தா?” என்றார் வீட்டுக்காரர். திருட்டுப் போகாதது அவருக்குப் பெரிய மனக்குறையாகிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்து, “பூட்டை மாத்து. இல்ல, பூட்டை விடு. அக்காவைக் கையோட கூட்டிட்டு வந்துடு. பின் ரூமை ஒழிச்சு வெக்கறேன்” என்றார். இத்தனை நாள் சின்னவள் கேட்கத் தயங்கிய வார்த்தை, இப்படித்தான் அவர் வாயிலிருந்து வந்தது.

மறுநாள் காலை கஞ்சி குடிக்கும்போது அக்காவாகவே பேச ஆரம்பித்தாள்.

“இப்பத்தான் என்கூட உட்கார்ந்து சாப்பிடறே. அப்போல்லாம் அந்த நாற்காலியை வாசக்கதவு ஓரமாப் போட்டுக்கிட்டு அங்கேயே இருப்பே. மாஸ்க்கை இறக்கவே மாட்டே. ஒரு வாய் டீ குடிடின்னா, குடிச்சாச்சுன்னு சொல்லுவே. எங்க குடிச்சே, எப்போ குடிச்சே, ஒண்ணும் தெரியாது.”

சின்னவள் வாசல் பக்கம் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையின் நாற்காலிகளில் ஒன்று கதவை ஒட்டிக் கிடந்தது.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்பதான் கிட்ட வந்தே.”

“காய்ச்சலா? சளின்னுதானே சொன்னே?”

“சளிதான். கூட மூச்சும் முட்டிச்சு. உன்கிட்ட எதுக்கு மறைக்கணும், நீதான் பார்த்தியே. இதோட முடிஞ்சுதுன்னு கெடந்தேன். நீ கட்டில்ல உட்கார்ந்து நெத்தியில கை வெச்சே. ஈரத்துணியே தேவைப்படல. கை அப்படி ஒரு சில்லிப்பு. அந்தச் சில்லிப்புலதான் தூங்கினேன். எழுந்தா அப்பவும் கையை எடுக்காம உட்கார்ந்திருந்தே.”

அக்கா மேஜை மேலே தடவி, தங்கையின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் நெற்றியைச் சுருக்கினாள். “இப்போ ஏன் இப்படிச் சுடுது?” என்றாள். தெரியாதவர் கையைப் பிடித்துவிட்டவள் போல மெதுவாக விரல்களை எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு மூச்சு முட்டிய அந்த வாரம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சின்னவளுக்கு ஞாபகம் இருந்தது. வீட்டில் மெஷினைப் போட்டு மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமல்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிப் பேசினாள். அக்காவின் குரல் கம்மியிருந்தது தெரிந்தது. சளி என்றாள் அக்கா. சரி என்றாள் இவள்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் கிடந்து அரித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பொறாமை என்று பிடிபட்டது.

“ஊசி போட்டியா அக்கா?”

“ரெண்டும்தான். பள்ளிக்கூடத்துக்கு நீதானே கூட்டிட்டுப் போனே? ஊசி குத்தறப்ப நான் உன் தோளைக் கிள்ளினேன்னு அந்த நர்ஸ்கூட சிரிச்சாளே.”

அன்று மத்தியானம் கண் சொட்டு மருந்து வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனாள். போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடித்தாளுக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்ததும், கேட்காமலே ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

“நீங்க சொன்ன மாதிரி ஒரு மாசத்துக்குக் கட்டி வெச்சிருக்கேன். கண்ணுக்கு, பிரஷருக்கு, எல்லாம் இருக்கு.”

“நான் எப்போ சொன்னேன்?”

“முந்தாநாள் சாயங்காலம், குடையோட நின்னுட்டுச் சொன்னீங்களே. அக்காவுக்கு ரெண்டு ஊசியும் ஆயிடுச்சு, இனிமே பயமில்லாம வண்டி ஏறலாம், ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு. கூட்டிட்டுப் போறது நீங்கதானே, ‘போயிடுவாங்க’ன்னு சொல்றீங்களேன்னு நான்கூட நெனச்சேன்.” அவர் பெருமூச்சு விட்டார். “அவங்க போயிட்டா தெருவே வெறிச்சுனு ஆயிடும்.”

அக்காவைக் கூட்டிப் போவது என்று முடிவானதே நேற்றுத்தான். அதுவும் வீட்டுக்காரர் போனில் சொன்ன பிறகு. முந்தாநாள் சாயங்காலம் சின்னவள் தன் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர்ச்சாரியிலேயே நடந்தாள். நல்ல வெயில். ஒரு ஆள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். குடியிருப்புக்கு நேரே வந்து தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள்.

ஜன்னல் திறந்திருந்தது. அக்கா தன் நாற்காலியில் சாய்ந்து, வாசல் பக்கம் திரும்பி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அறைக்குள், சற்றுத் தள்ளி, ஒருத்தி நின்றாள். முதுகும் தோளும் கழுத்தின் மேலே இறுக்கி முடிந்த கொண்டையும்தான் தெரிந்தன. அவள் ஒரு ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். நூலைக் கோத்த கை இடதுகை. கோத்த நூலைப் பல்லால் கடிக்கப் போய், மாஸ்க் இருப்பது ஞாபகம் வந்து கையை இறக்கினாள். சின்னவளும் கடையில் தினமும் அப்படித்தான் ஏமாறுவாள்.

சின்னவள் ஓடினாள். படியில் யாரும் எதிரே வரவில்லை. இரண்டாம் மாடியில் கதவு அவள் பூட்டியபடி பூட்டிக் கிடந்தது. சாவியைப் போட்டுத் திறந்தாள்.

அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். கதவோர நாற்காலி காலி. அடுப்படி, குளியலறை, கட்டிலுக்கு அடி எல்லா இடமும் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. திறந்தாள். அக்காவின் துணிகள் பயணத்துக்கு அடுக்கியிருந்தன. கனமானது அடியில், காலுறைகள் ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி ஓரத்தில், கண்ணாடிச் சீசா உள்பாவாடைக்குள் பொதிந்து நடுவில். தானே அடுக்கியிருந்தாலும் வேறு மாதிரி அடுக்கியிருக்க மாட்டாள்.

“ஏன்டி இப்படி மூச்சு வாங்கறே?” என்றாள் அக்கா.

“இங்க யாருக்கா இருந்தா?”

“நீதான். கடைக்குப் போறேன் போறேன்னுட்டு நின்னு பேசிக்கிட்டே இருந்தே. அப்புறம் சத்தத்தையே காணோம். இதோ, இதைத்தானே கட்டிக் குடுத்தே.”

அக்காவின் மடியில் மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டு நூல் கட்டியிருந்தது. காலை மாத்திரைக்கு ஒற்றை முடிச்சு, இரவு மாத்திரைக்கு இரட்டை. அக்கா விரலால் தடவி அவற்றைப் பிரித்துப் பிரித்து வைத்து, சந்தோஷமாகக் காட்டினாள். “இனிமே யாரையும் கேக்க வேண்டியதில்ல பாரு. உனக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ.”

சின்னவள் அந்த அட்டைகளைத் தொடவில்லை.

மறுநாள் காலையே கிளம்பினார்கள். ஆட்டோ கீழே நின்றது. டீச்சர் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து, அக்காவின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள். பாதிப் படியில் சின்னவள் நின்றாள். மேலே ஜன்னல் சாத்தினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். ஜன்னலைச் சாத்தியது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

காலி வீட்டுக்குள் வந்து நின்றாள். அக்கா தன் தங்கையை விட்டுப் போவதாக நினைக்கவில்லை; தங்கையோடு போவதாகத்தான் நினைத்தாள். அதனால் போய்வருகிறேன் என்று இங்கே யாருக்கும் சொல்லவில்லை. இரவெல்லாம் புரண்டதில் சின்னவளுக்கு அதுதான் உறுத்தியது. யாராக இருந்தால் என்ன, மூச்சு முட்டிக் கிடந்தவள் பக்கத்தில் உட்கார்ந்த கைக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் படியேறினாள். ஆனால் நாற்காலியைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

“அக்காவை இனிமே நான் பார்த்துக்கறேன். நீ வர வேண்டாம்” என்றாள்.

சொன்னது அந்த வெற்று அறையில் மிகவும் கறாராகக் கேட்டது. “வந்ததுக்கு…” என்று தொடங்கினாள். முடிக்க முடியவில்லை. குளியலறைப் பக்கம் குழாயைத் திருகி மூடுவது போல ஒரு சத்தம் வந்தது. டீச்சர் வீட்டுக் குழாயாக இருக்கலாம். ஆனால் டீச்சர் கீழே இருந்தாள். சின்னவள் கதவை இழுத்துப் பூட்டி, படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள்.

ரயிலில் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மாஸ்க்குக்குள் கொட்டாவி விட்டு, தூங்கிப்போனாள். பெட்டியில் ஏறி இறங்கிய ஒவ்வொரு பெண்ணின் கண்ணையும் சின்னவள் பார்த்தாள். அவர்களும் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அக்கா புது இடத்துக்குச் சீக்கிரமே பழகிவிட்டாள். வீட்டுக்காரரும் அவளும் ரேடியோவில் செய்தி கேட்டுச் சண்டை போடும் அளவுக்கு சிநேகமானார்கள். வந்தது யார் என்பதற்கு அவர் ஒரு முடிவு கண்டுபிடித்திருந்தார். ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் புண்ணியவதி, தொற்று பயத்தில் வாடகை வீட்டின் சொந்தக்காரன் துரத்திவிட்டிருப்பான், கதவு மாறித் தட்டியிருப்பாள், அக்கா அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதும் அப்படியே இருந்துவிட்டாள். அவருக்கு எதற்கும் ஒரு விளக்கம் வேண்டும், கிடைத்துவிட்டால் தூங்கிவிடுவார். பூட்டிய கதவைப் பற்றிச் சின்னவள் அவரிடம் சொல்லவில்லை.

அவளுக்குத்தான் சிரமம். நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்தால் கால் கடுக்கும். அக்கா ஒரே கதையை மூன்றாவது தடவை ஆரம்பித்தால், “சொல்லிட்டியேக்கா” என்று முகத்தில் அடித்தாற்போல வந்துவிடும். அக்கா திருப்பிச் சொல்ல மாட்டாள். குறையாகக்கூட இல்லாமல், “அப்போ நீ நல்லா இருந்தே” என்பாள். “எத்தனை தரம் சொன்னாலும் கேட்டுக்கிட்டு இருப்பே. ஒரு சொல் கடிஞ்சு பேச மாட்டே.”

அது நான் இல்லை என்று சின்னவள் ஒரே ஒரு நாள் சொல்ல வாயெடுத்தாள். அக்காவின் கண் தன் முகத்துக்குப் பக்கத்தில், சற்று விலகி, தனக்குத் தெரியும் ஓரத்தில் நிலைத்திருப்பதைப் பார்த்தாள். அந்த இடத்தில் வேறு யாரோ நிற்பது போல இருந்தது. சொல்லாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். மறுநாள் அந்தக் கதையை முழுக்க உட்கார்ந்து கேட்டாள்.

குளிர்காலத்தில் நோய் இன்னொரு சுற்று வந்தது. கடையை மூடினார்கள், ரயில் நின்றது, வெளிநாட்டு விமானங்களையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு பகல் நேரத்தில் டீச்சர் போனில் கூப்பிட்டாள். அக்காவை விசாரித்தாள். அக்கா இருந்த வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்திருப்பதாகச் சொன்னாள்.

“மேல்மாடியில ஒரு பெரியவர் தனியா இருக்காரே, கப்பல்ல இன்ஜினியரா இருந்தவர், தெரியுமா உங்களுக்கு?”

“பார்த்ததில்ல டீச்சர்.”

“அவர் படுத்துட்டார். நல்ல காய்ச்சல். ஆஸ்பத்திரியில இடம் இல்லைன்னுட்டாங்க. நாங்கல்லாம் பயந்துதான் போனோம். நல்ல வேளை, மகன் வந்து கூடவே இருந்து பார்த்துக்கறார்.”

“நல்லதாப் போச்சு.”

டீச்சர், கதவிடுக்கில் பேசுவது போலத் தணிந்த குரலில், “அவர் மகன் கடல் தாண்டி எங்கேயோ இருக்கார். பிளேனே வரலையே, எப்படி வந்தார்னுதான் எனக்குப் புரியல. படியில போறதைப் பார்த்தேன். அப்பா மாதிரியே கொஞ்சம் ஒரு காலைச் சாய்ச்சு நடக்கறார். கேட்டுப் பார்க்கட்டுமான்னு இருக்கு” என்றாள்.

சின்னவள் போனை இறுக்கிப் பிடித்தாள். பின்னறையில் அக்கா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். காது கொடுத்துக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

“வேண்டாம் டீச்சர்” என்றாள் சின்னவள். “ஒண்ணும் கேக்காதீங்க. படியில பார்த்தா வழி விட்டு நில்லுங்க. முதல்ல அந்தப் பெரியவருக்குக் காய்ச்சல் விடட்டும்.”